சுடரை ஆண்ட கைகள் – தமிழ் நாடக அரங்கில் விளக்காட்சியின் வரலாறு

நாடகம் முடிந்த பின்னர் ஆசிரியர் எழுதிய சொல் ஏட்டில் எஞ்சுகிறது. பாடகர் பாடிய பாட்டு இசைத்தட்டில் எஞ்சுகிறது. நடிகரின் தோற்றம் நிழற்படத்தில் எஞ்சுகிறது. இவை அனைத்தையும் கண்ணுக்குப் புலப்படுத்திய ஒளி மட்டும் அன்றிரவே அணைந்து மறைந்துவிடுகிறது. தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் ஆசிரியர்களையும் நடிகர்களையும் சபைகளையும் விரிவாகப் பேசியுள்ளனர். விளக்கை ஏற்றியவர்களையும், அதனைக் கூட்டியும் குறைத்தும் ஆண்டவர்களையும் பற்றிய குறிப்புகளோ அரிதாகவே கிடைக்கின்றன.

இன்று பெரிய அரங்குகளில் ஒளியமைப்பு முழுவதும் கணினி வலையமைப்பினால் இயங்குகிறது. பார்வையாளர்க்குப் பின்னே அமர்ந்துள்ள ஒருவர் விரலை அசைக்க, நூறடிக்கு அப்பால் நூற்றுக்கணக்கான விளக்குகள் ஒருங்கே நிறம் மாறுகின்றன. இது முற்றிலும் புதியதொரு பொறியியல் என்றே பலரும் கருதுவர். ஆயினும் அதன் அடியில் உள்ள வினா மிகப் பழையது. தொலைவிலுள்ள சுடர் குறித்த நேரத்தில், குறித்த அளவில், தவறாமல் எரிவதற்கு யார் பொறுப்பு? அப்பொறுப்பு ஒருவரால் நிறைவேறாதபோது அடுத்து நிற்பவர் யார்? காவிரிப் படுகை இவ்வினாவைக் காலந்தோறும் எதிர்கொண்ட வகையையும், இன்றைய வலையமைப்பு அதற்குத் தரும் விடையையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் கும்பகோணம் பொருத்தமான நிலைக்களம். இந்நகரை அடுத்த நாச்சியார்கோயில், குத்துவிளக்கு வார்ப்புக்குப் பெயர்பெற்ற ஊர். காவிரி கொணர்ந்த வண்டலில் அச்செடுத்துப் பித்தளை வார்க்கும் கம்மியர் மரபு அங்கு இன்றும் வாழ்கிறது. அடிப்பகுதி, தண்டு, எண்ணெய் ஏந்தும் தட்டு, உச்சிப் பிரபை ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, மரை கடைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவது அவர்களின் முறை. ஒரு பகுதி பழுதுற்றால் அதனை மட்டும் கழற்றிச் சீர்செய்யலாம். விளக்கு நெடுங்காலம் எரிய வேண்டுமென்றால் அதன் பகுதிகள் பிரித்துப் பூட்டத் தக்கனவாக அமைய வேண்டும் என்னும் இக்கருத்து, கட்டுரையின் இறுதியிலும் நினைக்கத்தக்கது.

அரங்கேற்று காதையின் விளக்கு

தமிழில் அரங்க ஒளியைப் பற்றிய தொன்மையான தெளிந்த குறிப்பைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தருகிறது. ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கம், இரண்டு வாயில்கள், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் ஆகியவற்றைக் கூறும் இளங்கோவடிகள், விளக்கின் இடத்தையும் கூறுகிறார். தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் காண்போர் இருக்கும் இடத்திலும் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்பட்டன என்பது அவர் தரும் செய்தியாகும்.

இச்செய்தி எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. விளக்கை ஏற்றினால் இருள் நீங்கும் என்ற அளவில் இளங்கோவடிகள் நிற்கவில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது, எதன்மீது படுகிறது, நிழல் எங்கே விழுகிறது என மூன்றையும் கணக்கிட்டே விளக்கு வைக்கப்படுகிறது. இக்கணக்கைச் செய்தவர் யார் என்று காப்பியம் கூறவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணம் அக்காதையில் விரிவாகப் பேசப்படுகிறது. விளக்கு வைத்தவனுக்கு அங்கே இலக்கணமில்லை.

இக்காதையும் இதற்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையும் அச்சேறியதில் கும்பகோணத்துக்குப் பெரும்பங்குண்டு. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ.வே. சாமிநாதையர், இங்குப் பணியாற்றிய காலத்திலேயே 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் ஆகிய நூல்களைத் துணைக்கொண்டு அவ்வுரை எழுந்ததாக அறிகிறோம். அவற்றுள் பலவும் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. அரங்கத் தொழில்நுட்பத்தை விரித்துரைத்த ஏடுகள் மறைந்தமையால், விளக்கு வைத்தவனின் இலக்கணத்தை நாம் வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது. அவ்விடம் கல்வெட்டு.

தொண்ணூற்றாறு ஆடுகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் நாடகம் நிகழ்ந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் (1052–1064) வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்குச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கும் அவன் வழியினர்க்கும் நாள் ஒன்றுக்குத் தூணி நெல்லாக ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டது. நடிப்போர்க்கு ஊதியம் வகுத்த அதே கோயில், விளக்குக்கும் ஓர் ஏற்பாட்டை வகுத்திருந்தது.

ஒரு நந்தாவிளக்கு இரவும் பகலும் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் தேவை. அதற்கென 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விடப்பட்டன. இக்கால்நடைகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஈன்ற குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்கப்பட வேண்டும் என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர் கல்வெட்டுகளில் வழங்கியது. தனி ஆடு சாகும், மந்தை சாவதில்லை. நெய்யை அளக்க 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய அளவை குறிக்கப்பட்டது. இடையரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டன. அவரும் அவர் உறவினரும், அவர்களுக்கு உறவினரும், ஞாயிறும் திங்களும் உள்ளளவும் நெய் அளக்கக் கடவர் என்றும் எழுதப்பட்டது.

இவ்வேற்பாட்டில் நான்கு கூறுகள் கருதத்தக்கன. அனைவரும் ஏற்ற ஒரே அளவை உள்ளது. ஒவ்வொரு விளக்குக்கும் இன்னார் பொறுப்பு என்னும் பெயர்க்குறிப்பு உள்ளது. ஒருவர் தவறினால் அடுத்தவர் ஏற்கும் தொடர்ச்சி உள்ளது. பல ஊர்களில் பரவிய மந்தைகளிலிருந்து ஒரு கோயிலுக்கு நெய் வந்துசேரும் வழி உள்ளது. தொலைவிலுள்ள பலரை ஒரு சுடருக்காகப் பிணைத்த இவ்வமைப்பை வலையமைப்பு எனச் சொல்லுதல் மிகையாகாது. இன்றைய அரங்கப் பொறியாளர் கேட்கும் நம்பகமும் இந்நான்கு கூறுகளால் அமைந்ததே என்பது பின்னர் விளங்கும்.

தீவட்டியும் கிட்சன் விளக்கும்

நாயக்கர், மராட்டியர் காலங்களில் தஞ்சை வட்டாரத்தில் பாகவத மேளா செழித்தது. மெலட்டூர், சாலியமங்கலம், ஊத்துக்காடு, கும்பகோணத்தின் அருகேயுள்ள தேப்பெருமாநல்லூர் முதலிய ஊர்களில் கோயில் வாயிலின் முன் இரவு முழுவதும் நாடகம் நிகழ்ந்தது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியின் பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் தோன்றும் நேரம் விடியலை நெருங்கிய நேரமாகும். மின்விளக்கு வருவதற்கு முன்னர் இவ்வாட்டங்களும் தெருக்கூத்தும் எண்ணெய் விளக்கிலும் தீவட்டியிலும் நிகழ்ந்தன.

தீவட்டியின் ஒளியாட்சி மிக எளியது. ஒளியைக் கூட்ட வேண்டுமாயின் தீவட்டி பிடிப்பவர் நடிகரை நெருங்குவார். குறைக்க வேண்டுமாயின் பின்வாங்குவார். நடிகரின் முகத்தையும் அடவையும் அறிந்து அவருடன் நகர்வார். சுடருக்கும் கைக்கும் இடையே ஒரு முழக் கழியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆணை வழியில் சிதைவதற்கு இடமேயில்லை. பல ஊர்களில் இப்பணி சலவைத் தொழிலாளர் முதலிய ஊழியக் குடியினரின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. பழந்துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தம் செய்வதும், புகையையும் வெப்பத்தையும் தாங்கி விடியும்வரை நிற்பதும் அவர்கள் வேலை. கூத்தின் ஒவ்வோர் அசைவையும் மிக அருகிலிருந்து கண்டவர் தீவட்டி பிடித்தவரே. ஆயினும் கூத்தைப் பற்றி அவர் என்ன கருதினார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாடகக் கம்பெனிகள் தோன்றின. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுணவிலாச சபையை நிறுவினார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். சி. கன்னையாவின் ஸ்ரீகிருஷ்ண விநோத சபை தசாவதாரம் முதலிய நாடகங்களைக் கண்கவர் காட்சியமைப்புடன் நடத்தியது. கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் பயின்ற சிறுவரான எம்.ஜி. இராமச்சந்திரன் நாடகக் கம்பெனியில் சேர்ந்ததும் இவ்வூரில் வாழ்ந்த நாளிலேயாகும். கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று கீற்றுக் கொட்டகையிலும் தகரக் கொட்டகையிலும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடின.

இக்கொட்டகைகளுக்கு ஒளி தந்தவை கிட்சன் விளக்கும் பெட்ரோமாக்சும் ஆகும். மண்ணெண்ணெயை அழுத்தத்தால் ஆவியாக்கி மேண்டில் வலையில் எரிக்கும் இவ்விளக்குகள் தீவட்டியைவிடப் பன்மடங்கு வெண்மையாக எரிந்தன. ஆனால் காற்றழுத்தம் குறையக் குறைய ஒளியும் மங்கும். நடு இரவில் ஒருவர் ஏறிக் காற்றடிக்க வேண்டும். காட்சி மாற்றத்துக்கு விசில் ஒலியே ஆணை. திரை இழுப்பவரும் விளக்கைப் பார்த்துக்கொள்பவரும் அவ்வொலியை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். இங்கேதான் கைக்கும் சுடருக்கும் இடையே முதன்முதலாகத் தொலைவு தோன்றுகிறது. பார்ப்பவர் ஒருவர், ஆணையிடுபவர் ஒருவர், விளக்கைத் தொடுபவர் வேறொருவர் என்னும் பிரிவு ஏற்படுகிறது.

மின்சாரம் வந்த பின்னர் இத்தொலைவு மேலும் நீண்டது. நவாப் டி.எஸ். இராஜமாணிக்கத்தின் தேவி பாலவிநோத சங்கீத சபாவும், பிற்காலத்தில் 1954-இல் ஆர்.எஸ். மனோகர் நிறுவிய நேஷனல் தியேட்டர்ஸும் ஒளியாலும் தந்திரக் காட்சியாலும் மக்களை ஈர்த்தன. அக்காட்சிகளைக் கண்டு வியந்தோர் பலர். அவற்றுக்குப் பின்னே விசைப்பலகையில் நின்றவர்களை அறிந்தோர் சிலரே.

நெருப்பின் கணக்கு

விளக்காட்சியின் வரலாறு அழகின் வரலாறு மட்டுமன்று; உயிரின் வரலாறுமாகும். 1881 டிசம்பர் 8-ஆம் நாள் வியன்னா நகரத்து ரிங் நாடக அரங்கில் மேடையின் எரிவாயு விளக்குகளைத் தொலைவிலிருந்து பற்றவைக்கும் பொறி முதல்முறை வேலை செய்யவில்லை. கசிந்து பரவிய வாயு மறுமுறை பற்றவைத்தபோது தீப்பிடித்தது. எரிவாயுவை அடைத்தவுடன் அரங்கம் முழுவதும் இருண்டது. இத்தகைய வேளைக்கென வைக்கப்பட்டிருந்த எண்ணெய் விளக்குகள் அன்று ஏற்றப்படவேயில்லை. இருளில் வழி தெரியாமல் இறந்தோர் அரசுக் கணக்கின்படி 384 பேர்.

அதே மாதம் 28-ஆம் நாள் இலண்டன் சவாய் அரங்கின் மேடை மின்விளக்கால் ஒளிர்ந்தது. அதன் உரிமையாளர் டாய்லி கார்ட் எரியும் மின்குமிழ் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி மக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். துணி தீப்பற்றவில்லை. மின்சாரம் அச்சத்தைப் போக்கியது. எனினும் முழுவதும் போக்கிவிடவில்லை. 1903 டிசம்பர் 30-இல் சிகாகோவின் இராக்வா அரங்கில் மேடை வில்விளக்கின் பொறி திரையைப் பற்றியது. தீத்தடுப்புத் திரை முழுவதும் இறங்காமல் இடையில் சிக்கிக்கொண்டது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

காவிரிக்கரை மக்களுக்கு இவை தொலைதூரக் கதைகளல்ல. 1997 ஜூன் 7-இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23-இல் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் படப்பிடிப்பு விளக்குக்கான மின்கம்பியில் எழுந்த பொறி கீற்றுக் கூரையைப் பற்றி 50-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அங்குத் தீ தொடங்கியது சமையற்கூடத்தில், பரவியது கீற்றுக் கூரையில். இவை நாடக அரங்குகள் அல்ல. ஆயினும் கூரையின்கீழ் மக்களைக் கூட்டும் எவரும், தற்காலிகக் கம்பியில் விளக்கு எரிக்கும் எவரும், இவற்றை மறந்து தொழில் செய்ய இயலாது. விளக்கின் நம்பகம் என்று பேசும்போது முதலில் நினைவில் நிற்க வேண்டியது இதுவே.

மின்னொளியை மங்கச் செய்ய முதலில் கண்ட வழிகளுள் ஒன்று உப்புநீர்ச் சாடி. பீங்கான் அல்லது மண்சாடியில் உப்புநீர் நிரப்பி, அதில் உலோகத் தகடு ஒன்றை இறக்கியும் ஏற்றியும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பர். தகடு மேலே வந்தால் விளக்கு மங்கும். நீர் கொதித்து ஆவியெழும். கை தவறினால் உயிருக்கே ஊறு. பொருள்வசதியற்ற இந்திய நாடகக் குழுக்கள் பலவும் இதனைக் கையாண்டன. எளிய கருவிகளைக்கொண்டு ஒளியைக் கலையாக்கிக் காட்டியவர் வங்கத்தின் தபஸ் சென் (1924–2006). உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் (1959) நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து தொழிலாளர் மூழ்குவதை அவர் ஒளியினாலேயே காட்டினார். மேடையில் ஒரு துளி நீரும் இல்லை.

தமிழகத்தில் ஒளியமைப்பு பயிற்சிக்குரிய கலையாக மதிக்கப்பெற்றதற்கு 1977 ஒரு திருப்பம். அவ்வாண்டு காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் சார்பில் சே. இராமானுஜம் முதலியோர் நடத்திய பயிற்சிப் பட்டறை, பனுவலுடன் அரங்கத்தையும் கற்க வேண்டும் என்னும் எண்ணத்தை விதைத்தது. அதே ஆண்டில் தஞ்சை மாவட்டப் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். இராமானுஜம் பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையில் பணியாற்றினார். கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியை உருவாக்கினார். படுகையைச் சார்ந்தோரும் படுகையில் பணியாற்றியோரும் நவீன நாடகத்துக்கு வித்திட்ட காலம் அது.

ஒரே வாய்க்காலில் 512 மடைகள்

1957-இல் அமெரிக்காவில் உருவான தைரிஸ்டர் என்னும் குறைக்கடத்திக் கருவி உப்புநீர்ச் சாடியையும் கனத்த கம்பிச்சுருளையும் மெல்ல விலக்கியது. சிறு மின்னழுத்தத்தால் பெரிய விளக்கை மங்கச் செய்ய அதனால் இயன்றது. ஆணையிடும் மேசை ஓரிடத்திலும், விளக்கை மங்கச் செய்யும் டிம்மர் வேறிடத்திலும் இருக்கலாயின. ஆனால் ஒவ்வொரு டிம்மருக்கும் மேசையிலிருந்து தனிக்கம்பி சென்றது. அறுபது டிம்மருக்கு அறுபது கம்பி. ஒவ்வொரு நிறுவனத்தின் மேசையும் தன் டிம்மருடன் மட்டுமே பேசியது.

இக்குறையைத் தீர்க்க 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த பொதுநெறியே டிஎம்எக்ஸ் 512. ஒரே இணைக்கம்பியில் 512 விளக்குகளுக்குரிய அளவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஏறத்தாழ 44 முறை செல்கின்றன. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். ஆடவல்லான் அளவையைப் போலவே இதுவும் அனைவரும் ஏற்ற பொது அளவை. 1990-இல் திருத்தமும், 2004-இல் அமெரிக்கத் தேசியத் தரநெறி என்னும் ஏற்பும் பெற்றது.

இதன் இயல்பை வாய்க்காலை அறிந்த மக்கள் எளிதில் உணரலாம். தலைமடையில் திறந்த நீர் வயல்வயலாகக் கடந்து கடைமடைக்குச் செல்வது போல, மேசையிலிருந்து புறப்படும் ஆணை முதற்கருவியில் நுழைந்து, அதிலிருந்து அடுத்ததற்குச் சென்று, இறுதிக் கருவியை அடைகிறது. இடையில் ஓரிடத்தில் கரை உடைந்தால் அதற்குக் கீழுள்ள அனைத்தும் வறளும். ஒரு தொடரில் 32 கருவிகளுக்கு மேல் கோக்கலாகாது. கம்பியை நடுவில் பிளந்து இரு கிளையாக்கலாகாது. கிளை வேண்டுமெனில் அதற்குரிய பகிர்வுக்கருவி வேண்டும். தொடரின் இறுதியில் 120 ஓம் தடை ஒன்றைப் பொருத்த வேண்டும். வடிகால் இல்லாத வாய்க்காலின் முனையில் மோதிய நீர் திரும்பி வந்து அலைப்பது போல, முடிவு கட்டப்படாத கம்பியின் முனையில் குறிப்பலை மோதித் திரும்பி, அடுத்து வரும் ஆணையைக் குழப்பும். விளக்குகள் காரணமின்றித் துடிப்பதன் பின்னே பெரும்பாலும் இச்சிறு பிழை மறைந்திருக்கும்.

மற்றொன்று மிக முக்கியமானது. டிஎம்எக்ஸ் ஆணை ஒருவழிப்பட்டது. ஆணை சேர்ந்ததா என்று மேசைக்குத் தெரியாது. வழியில் சிதைந்ததா என்று சரிபார்க்கவும் அந்நெறியில் வழியில்லை. அடுத்த நொடிக்குள் அதே ஆணை மீண்டும் பலமுறை வரும் என்ற நம்பிக்கையிலேயே அது இயங்குகிறது. ஆகவேதான் வாணவெடி, மேடைமீது தொங்கும் பாரம் முதலிய உயிருக்கு ஊறு செய்யத்தக்கவற்றை இக்கம்பியால் மட்டும் ஆளலாகாது என எச்சரிக்கப்படுகிறது. தன் எல்லையைத் தானே கூறும் நெறி நல்ல நெறி.

வலையமைப்பும் அதன் நம்பகமும்

நகரும் விளக்குகளும் எல்.ஈ.டி. விளக்குகளும் பெருகியபோது 512 எண்கள் போதவில்லை. ஒரு விளக்குக்கே இருபது, முப்பது எண்கள் தேவைப்பட்டன. கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் பல டிஎம்எக்ஸ் தொடர்களை ஒருங்கே அனுப்பும் ஆர்ட்-நெட் நெறி 1998-இல் இலண்டனில் வெளியாயிற்று. 2009-இல் எஸ்ஏசிஎன் என்னும் தரநெறி வந்தது. ஒற்றை வாய்க்கால் இவ்வாறு கிளைகளும் பகிர்வுமடைகளும் கொண்ட பாசன அமைப்பாக வளர்ந்தது.

எஸ்ஏசிஎன் நெறியில் ஒவ்வோர் ஆணைமேசைக்கும் 0 முதல் 200 வரை முன்னுரிமை எண் ஒன்று உண்டு. இரு மேசைகள் ஒருங்கே பேசினால், உயர்ந்த எண்ணுடைய மேசையின் சொல்லை விளக்குகள் ஏற்கும். அம்மேசை திடீரென ஓய்ந்துவிட்டால், இரண்டரை நொடி பார்த்திருந்து, அடுத்த மேசையின் சொல்லுக்கு மாறும். முதல்வன் தவறினால் உறவினன் நெய் அளக்கக் கடவன் என்று கல்லில் பொறித்த அதே ஏற்பாடு, இங்கே எண்ணாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

எனினும் நெறி மட்டும் நம்பகத்தைத் தாராது. அரங்க ஒளிக்கான வலையமைப்பில் வேறு பணி எதுவும் கலக்கலாகாது. அலுவலகக் கணினியும் பார்வையாளரின் கைப்பேசியும் அதில் நுழையலாகாது. மேடை ஆணை கம்பியில் செல்ல வேண்டும். அரங்கம் நிரம்பியதும் ஆயிரம் கைப்பேசிகளுக்கிடையே கம்பியில்லா அலை தடுமாறும். ஒத்திகையில் நன்றாயிருந்த அமைப்பு அரங்கேற்றத்தில் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு கருவிக்கும் மாறாத முகவரி வேண்டும். அது தாளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு வேண்டும். இருளில் பத்துக் கம்பிகளைக் கையில் பிடித்து நிற்பவருக்கு அச்சீட்டே உற்ற துணை.

படுகையின் நிலைமை இன்னும் சில எச்சரிக்கைகளைக் கூட்டுகிறது. 1981-இல் சிதம்பரத்தில் தொடங்கிய நாட்டியாஞ்சலி மரபு கும்பகோணம், தஞ்சை முதலிய ஊர்களிலும் பரவியது. கோயில் வளாகத்தில் சில நாள்களுக்கென மேடை எழுகிறது. விழா முடிந்ததும் கலைகிறது. நிலையான அரங்கின் வசதி எதுவும் அங்கில்லை. ஈரமும் எலியும் கம்பிக்குப் பகை. மின்சாரம் தடைப்பட்டால் ஜெனரேட்டர் சில நொடிகளில் இயங்கும். விளக்குகளும் மின்சாரம் பெறும். ஆனால் கணினிமேசையும் வலையமைப்புச் சுவிட்சுகளும் மீண்டும் விழித்தெழச் சில நிமிடங்கள் ஆகலாம். விளக்குக்கு உயிர் வந்தும் ஆணைக்கு நினைவு வராத அவ்விடைவெளியில் ஆடுபவர் இருளில் நிற்பார். விளக்குகளுக்கு வேண்டாவிடினும், மேசைக்கும் சுவிட்சுகளுக்கும் மட்டுமாவது மின்கலச் சேமிப்பு கட்டாயம் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். செலவில் மிகச் சிறியதும் பயனில் மிகப் பெரியதுமான ஏற்பாடு இதுவே.

இறுதியாக ஒன்று. வலையமைப்பு முழுவதும் ஓய்ந்தாலும் எரியத்தக்க சில விளக்குகள், கணினியோடு தொடர்பின்றி, கையெட்டும் சுவரில் தனி விசையுடன் இருத்தல் வேண்டும். வாயில்களும் படிகளும் அவற்றின் ஒளியில் தெரிய வேண்டும். வியன்னாவில் ஏற்றப்படாது நின்ற எண்ணெய் விளக்குகள் கற்பிக்கும் பாடம் இது. அவ்விளக்குகள் இருந்தன, அவற்றை ஏற்றுவது இன்னாரின் கடமை என்பது உறுதிப்படவில்லை.

நிறைவாக

தீவட்டி பிடித்தவருக்கும் சுடருக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. இன்று அத்தொலைவு நூறடிக் கம்பியும் பல கணினிகளும் ஆயிற்று. தொலைவு வளர்ந்த ஒவ்வொரு காலத்திலும் பொது அளவை, பெயர் குறித்த பொறுப்பு, ஒருவர் தவறினால் ஏற்கும் மற்றொருவர், தடையற்ற வழி என்னும் நான்கும் மீண்டும் தேவைப்பட்டுள்ளன. சோழர் கல்வெட்டு இந்நான்கினையும் கூறியது. இன்றைய தரநெறிகள் முதலாவதையும் இறுதி இரண்டையும் செம்மையாகக் கூறுகின்றன. பெயர் குறித்த பொறுப்பை எந்தக் கம்பியும் சுமப்பதில்லை. அதனை மனிதரே ஏற்க வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தினர்க்கும் கவிஞர்க்கும் இவ்வரலாறு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறது. கவியரங்கமோ நாடகமோ நிகழும்போது அச்சாகும் அழைப்பிதழில் தலைவர், வரவேற்பாளர், நன்றியுரைப்பவர் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. விளக்கமைப்பவர் பெயரும் அவ்வரிசையில் இடம்பெறுதல் வேண்டும். நாடகப் பனுவல் நூலாகும்போது ஒளிக்குறிப்பும் அதன் பின்னிணைப்பாதல் வேண்டும். விசைப்பலகையில் நின்று முதுமையடைந்தோர் இவ்வட்டாரத்தில் இருப்பின், அவர்களைக் கண்டு கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இடையரின் பெயரைக் கல்லில் பொறித்த ஊரில், விளக்கேற்றியவர் பெயரைத் தாளில் அச்சிடுவது பெருஞ்செயலன்று. ஆயினும் அது இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது.